யானை முகத் தோள்பை: குரோஷாவில் பின்ன முழுமையான வழிகாட்டி

குரோஷா பை பார்க்க அழகாக இருந்து, ஒரு மாதத்தில் முழங்கால் வரை தொங்குவதற்குக் காரணம் அநேகமாகப் பின்னலில் இருக்காது. பையை ஒரு பொம்மையைப் போலப் பின்னிவிட்டு, அதில் கனம் ஏறும் என்பதை யோசிக்காமல் விடுவதுதான் காரணம். பொம்மைக்குள் பஞ்சு இருக்கும். பைக்குள் தண்ணீர் பாட்டில் இருக்கும். ஆகவே இந்த வழிகாட்டியில் கண்ணுக்கும் காதுக்கும் தரும் இடத்தை வார்ப்பட்டைக்கும் பாக்கெட் தையலுக்கும் தந்திருக்கிறோம். எந்தத் துண்டை எப்போது தைப்பது என்ற வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

முடிந்த பை சுமார் 25 செ.மீ. உயரம். தட்டையாக வைத்தால் 29 செ.மீ. அகலம், அடிப்பாகம் 6 செ.மீ. ஆழம். முன்புறம் யானையின் முகமே ஒரு பாக்கெட். உள்ளே கைபேசிக்கு இன்னொன்று. முகத்தின் இருபுறமும் காதுகள், நடுவே வளைந்த தும்பிக்கை.

தேவையானவை

பையின் உடலுக்கு அடர் நிறப் பருத்தி நூல் 200 கிராம், யானைக்குச் சாம்பல் நிறம் 75 கிராம், காதின் உட்புறத்துக்கு இளஞ்சிவப்பு 25 கிராம், கண்ணுக்குக் கறுப்பும் வெள்ளையும் கொஞ்சம். நூலின் கனம், 100 கிராமில் சுமார் 180 முதல் 200 மீட்டர் வரும் நடுத்தர வகை. அக்ரிலிக் நூல் மலிவு, நிறமும் நன்றாக இருக்கும். ஆனால் கனம் தாங்கும்போது அதிகம் இழுபடும். கம்பளி நூல் உரசலில் முடிச்சு முடிச்சாக எழும். பைக்குப் பருத்தியைத்தான் பரிந்துரைக்கிறோம்.

4 மி.மீ. குரோஷா ஊசி (முனையில் கொக்கி உள்ளது) முக்கியமானது. விளிம்புகளுக்கு 3.5 மி.மீ., வார்ப்பட்டையின் தொடக்கச் செயினுக்கு (நூல் வளையங்களைக் கோத்த சங்கிலி) 5 மி.மீ. இந்தக் கனத்து நூலின் சீட்டில் பெரும்பாலும் 4.5 அல்லது 5 மி.மீ. என்று போட்டிருப்பார்கள். அது உடைக்கான அளவு. பைக்கு அதைவிடச் சிறிய ஊசியில் நெருக்கமாகப் பின்ன வேண்டும், இல்லாவிட்டால் பேனாவும் சாவியும் கண்ணிகளின் இடுக்கில் வெளியே எட்டிப் பார்க்கும்.

மார்க்கர்கள் (கண்ணியில் அடையாளத்துக்கு மாட்டும் சிறு வளையங்கள்) ஆறேழு, தைப்பதற்கு மொட்டை முனை ஊசி, 2.5 செ.மீ. அகலமுள்ள பருத்தி நாடா (தோள்பைக்கு 120 செ.மீ., குறுக்காக மாட்டுவதற்கு 160 செ.மீ.), லைனிங்குக்கு அரை மீட்டர் பருத்தித் துணி, 20 மி.மீ. பொத்தான் ஒன்று, உறுதியான தையல் நூல், தும்பிக்கைக்குச் சிறிது பஞ்சு.

இங்கே பெயர்கள் எல்லாம் அமெரிக்க முறைப்படி. அமெரிக்க முறையில் சிங்கிள் குரோஷா என்பதை பிரிட்டிஷ் முறையில் டபுள் குரோஷா என்பார்கள். வேறு மாதிரிகளோடு ஒப்பிடும்போது இதை நினைவில் வையுங்கள். இனி "சிங்கிள்" என்றால் சிங்கிள் குரோஷா, அதாவது கண்ணிக்குள் ஊசியை விட்டு நூலை இழுத்து, ஊசியில் இருக்கும் இரண்டு வளையங்களையும் ஒன்றாக மூடும் அடிப்படைக் கண்ணி. "கூட்டல்" என்றால் ஒரே கண்ணியில் இரண்டு சிங்கிள்.

மாதிரித் துண்டு

4 மி.மீ. ஊசியில் 22 கண்ணி, 24 வரிசை பின்னி, நடுப்பகுதியை அளந்து பாருங்கள். 10 செ.மீ.க்கு 18 கண்ணியும் 20 வரிசையும் வர வேண்டும். 16 கண்ணிதான் வருகிறது என்றால் கை தளர்வு. கையை இறுக்கிப் பிடிக்க முயல வேண்டாம், பத்து வரிசை தாண்டினால் பழைய பழக்கம் திரும்பிவிடும். ஊசியை 3.5-க்கு மாற்றுங்கள். 20 கண்ணி வந்தால் 4.5-க்கு மாற்றுங்கள். பை சற்றுப் பெரிதானாலும் பாதகமில்லை, ஆனால் துணி தளர்வாக இருப்பது பாதகம். துண்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரிந்தால் சரி. ஓட்டை ஓட்டையாகத் தெரிந்தால் ஊசி பெரிது.

அடிப்பாகம்

அடர் நிறத்தில் 37 செயின் போடுங்கள். செயினின் இரண்டு பக்கமும் சுற்றிப் பின்னுவதால் நீள்வட்டம் உருவாகும்.

சுற்று 1: ஊசியிலிருந்து 2-ஆவது செயினில் தொடங்கி 35 சிங்கிள். கடைசிச் செயினில் 3 சிங்கிள். துண்டைத் திருப்பாமல் செயினின் மறுபக்கத்தில் 34 சிங்கிள். முதல் சிங்கிள் போட்ட செயினிலேயே மீண்டும் 2 சிங்கிள். மொத்தம் 74.
சுற்று 2: 1 கூட்டல், 34 சிங்கிள், 3 கூட்டல், 34 சிங்கிள், 2 கூட்டல். மொத்தம் 80.
சுற்று 3: (1 சிங்கிள், 1 கூட்டல்) ஒரு முறை, 34 சிங்கிள், அதே அடைப்பு 3 முறை, 34 சிங்கிள், அதே அடைப்பு 2 முறை. மொத்தம் 86.
சுற்று 4: அடைப்புக்குள் 2 சிங்கிள், 1 கூட்டல். மொத்தம் 92.
சுற்று 5: அடைப்புக்குள் 3 சிங்கிள், 1 கூட்டல். மொத்தம் 98.
சுற்று 6: அடைப்புக்குள் 4 சிங்கிள், 1 கூட்டல். மொத்தம் 104.

சுற்றுகளை ஸ்லிப் ஸ்டிச் (நூலை கண்ணி வழியாகவும் ஊசியில் இருக்கும் வளையம் வழியாகவும் ஒரே இழுப்பில் எடுக்கும் குட்டைக் கண்ணி) போட்டு மூடாமல் சுருளாகவே தொடருங்கள். முதல் கண்ணியில் மார்க்கர் மாட்டி ஒவ்வொரு சுற்றுக்கும் மேலே ஏற்றுங்கள். அடிப்பாகம் முடியும் வரை ஒவ்வொரு சுற்றையும் எண்ணியாக வேண்டும். ஓரங்கள் கிண்ணம்போல மேலே வளைந்தால் கூட்டல் விட்டுப்போயிருக்கிறது. அலை அலையாக நெளிந்தால் கூடுதலாகப் போட்டிருக்கிறீர்கள். 34 சிங்கிள் வரும் நேர்ப்பகுதியில் கூட்டல் எதுவும் கிடையாது. பிழை அநேகமாக வளைவுகளில்தான் இருக்கும்.

உடல்

சுற்று 7-ஐ முழுவதும் பின் இழையில் மட்டும் (கண்ணியின் தலையில் தெரியும் இரண்டு இழைகளில் பின்னால் இருப்பது) பின்னுங்கள். முன் இழைகள் வெளியே ஒரு கோடாக நின்று, அடிப்பாகமும் சுவரும் சேரும் இடம் மடிப்பு விழுந்தது போல நேராக இருக்கும். அதன்பின் சுற்று 8 முதல் 54 வரை கூட்டலும் குறைப்பும் இல்லாமல் 104 சிங்கிள். சுற்று 55, 56 இரண்டையும் 3.5 மி.மீ. ஊசியில் பின்னி, 2 ஸ்லிப் ஸ்டிச் போட்டு முடியுங்கள். கை உள்ளே போய் வருகிற இடம் வாய்தான் என்பதால் முதலில் தளர்வதும் அதுதான். கடைசி இரண்டு சுற்றுகளுக்குச் சிறிய ஊசி கேட்பது அதற்காகவே.

சுருளாகப் பின்னும்போது வலக்கைக்காரர்களின் கண்ணிகள் கொஞ்சம் கொஞ்சமாக வலப்புறம் சாயும், இடக்கைக்காரர்களுக்கு இடப்புறம். 50 சுற்று ஏறியதும் மார்க்கர் அடிப்பாகத்தின் முனையிலிருந்து பல கண்ணிகள் விலகி நிற்கும். அது பிழை இல்லை, பிரிக்க வேண்டியதும் இல்லை. ஆனால் மார்க்கரை நம்பிப் பக்கங்களைத் தீர்மானித்தால் பை முறுக்கிக்கொண்டு தொங்கும். அடிப்பாகத்தை நீளவாட்டில் நடுவே மடித்துப் பையைத் தட்டையாக வையுங்கள். மடிப்பின் இரு முனைகளுக்கு நேர் மேலே வாயில் எந்தக் கண்ணி வருகிறதோ அதுதான் பக்கம். இரண்டு பக்கத்திலும் மார்க்கர் மாட்டி எண்ணினால் இடையில் 52 கண்ணி இருக்க வேண்டும்.

சாய்வு உறுத்துகிறது என்றால் நூலை ஊசியின் மேல் சுற்றி எடுப்பதற்குப் பதில், ஊசியை நூலுக்கு மேலே கொண்டுபோய்க் கீழ்நோக்கிப் பிடித்து இழுத்துப் பாருங்கள். கண்ணி எக்ஸ் வடிவில் விழும், சாய்வு குறையும், துணியும் இறுகும். ஆனால் கண்ணி சிறிதாகிவிடும். ஆகவே இந்த முறையில் போவதானால் மாதிரித் துண்டையும் இதே முறையில் பின்னியிருக்க வேண்டும்.

முகம் என்னும் முன் பாக்கெட்

சாம்பல் நிறத்தில் 15 செயின். கீழிருந்து மேலாக, ஒவ்வொரு வரிசை முடிவிலும் 1 செயின் போட்டுத் திருப்பிப் பின்னுங்கள். அந்தச் செயினைக் கண்ணியாக எண்ண வேண்டாம்.

வரிசை 1: 14 சிங்கிள்.
வரிசை 2 முதல் 6 வரை: முதல் கண்ணியிலும் கடைசிக் கண்ணியிலும் கூட்டல். எண்ணிக்கை 16, 18, 20, 22, 24 என ஏறும்.
வரிசை 7 முதல் 30 வரை: 24 சிங்கிள்.

பிறகு நூலை அறுக்காமல் ஓரம் சுற்றுங்கள். பக்கங்களில் வரிசைக்கு ஒன்றாக 30, அடியில் 14, மறுபக்கம் 30. மேல் மூலைகள் இரண்டிலும் ஒரே இடத்தில் 2. மேல் விளிம்பின் 24 கண்ணிகளை மட்டும் 3.5 மி.மீ. ஊசியில் பின்னுங்கள். தைப்பதற்கு 80 செ.மீ. நூல் விட்டு வெட்டுங்கள்.

திருப்பித் திருப்பிப் பின்னிய துணி, சுருளாகப் பின்னிய உடலைவிட வேறு மாதிரித் தெரியும். கிடைக்கோடுகள் விழும். யானைத் தோலுக்கு அது பொருத்தமாகவே இருக்கிறது.

தும்பிக்கை, கண், காது

தும்பிக்கை நுனியிலிருந்து தொடங்குகிறது. மேஜிக் ரிங்கில் (இழுத்தால் இறுகும் நூல் வளையம்) 6 சிங்கிள். சுற்று 2: (1 சிங்கிள், 1 கூட்டல்) 3 முறை, 9 கண்ணி. சுற்று 3: பின் இழையில் 9. இதனால் நுனி தட்டையாக நிற்கும். சுற்று 4 முதல் 7: 9 சிங்கிள். சுற்று 8: (2 சிங்கிள், 1 கூட்டல்) 3 முறை, 12 கண்ணி. சுற்று 9: 12 சிங்கிள். சுற்று 10, 11, 12: 6 சிங்கிள், 6 ஹாஃப் டபுள் குரோஷா (சிங்கிளைவிடச் சற்று உயரமான கண்ணி). சுற்று 13: 12 சிங்கிள். சுற்று 14: (3 சிங்கிள், 1 கூட்டல்) 3 முறை, 15 கண்ணி. சுற்று 15 முதல் 18: 15 சிங்கிள்.

நடுவே ஒரு பக்கம் உயரமான கண்ணியும் மறுபக்கம் குட்டைக் கண்ணியும் போடுவதால் தும்பிக்கை தானாக வளையும். உயரமான பக்கம் வளைவின் வெளிப்புறம். வளைவை இடமாகத் திருப்புவதா வலமாகவா என்பதைத் தைக்கும்போது தீர்மானிக்கலாம். பஞ்சை மேல் பாதியில் மட்டும், அதுவும் லேசாக. நுனிவரை அடைத்தால் தும்பிக்கை விறைத்துக்கொண்டு முன்னால் நீட்டி, போகிற வருகிற இடத்திலெல்லாம் மாட்டும்.

கண்: கறுப்பு நூலில் மேஜிக் ரிங்கில் 6 சிங்கிள், ஸ்லிப் ஸ்டிச் போட்டு மூடி அறுக்கவும். வெள்ளை நூலில் ஓரமாக ஒரு சிறு புள்ளி. இரண்டு கண்ணிலும் புள்ளி ஒரே பக்கம் இருக்கட்டும். பிளாஸ்டிக் கண் போடலாம்தான், ஆனால் அதன் பின்மூடி பாக்கெட்டின் உள்ளே துருத்தி நிற்கும், கைபேசித் திரையில் கீறும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் கையில் போகும் பை என்றால் பிளாஸ்டிக் கண்ணும் பொத்தானும் வேண்டவே வேண்டாம். கழன்றால் தொண்டையில் அடைக்கும்.

காது: சாம்பலில் மேஜிக் ரிங் 6, பின் ஒவ்வொரு சுற்றுக்கும் 6 கூட்டி 8 சுற்று, கடைசியில் 48 கண்ணி, சுமார் 8 செ.மீ. விட்டம். இளஞ்சிவப்பில் அதேபோல் 6 சுற்று, 36 கண்ணி. இரண்டு ஜோடி. கூட்டல்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் வட்டம் அறுகோணமாகிவிடும். இரட்டைப்படைச் சுற்றுகளில் கூட்டலைப் பாதி தூரம் தள்ளிப் போடுங்கள். உதாரணமாகச் சுற்று 4-இல் முதலில் 1 சிங்கிள், 1 கூட்டல், பிறகு (2 சிங்கிள், 1 கூட்டல்) 5 முறை, முடிவில் 1 சிங்கிள். இளஞ்சிவப்பு வட்டத்தைச் சாம்பல் வட்டத்தின் மேல், வெளி ஓரத்தில் கூடுதல் சாம்பல் தெரியும்படி சற்று உள்பக்கம் தள்ளித் தையுங்கள்.

முகத்தைப் பையில் தைத்தல்

இங்கேதான் வரிசை முக்கியம். தும்பிக்கையும் கண்களும் முதலில் பாக்கெட் துண்டின்மேல் வர வேண்டும். பாக்கெட்டைப் பையில் தைத்துவிட்டுப் பிறகு தும்பிக்கையைத் தைத்தால், ஊசி பின்சுவரையும் சேர்த்துக் குத்தும். பாக்கெட் நடுவில் ஒட்டிக்கொள்ளும். கை போகாது.

தும்பிக்கையின் அகன்ற வாயை 15-ஆவது வரிசையில் நடுவில் வைத்துச் சுற்றிலும் தையுங்கள். மேல் 3 செ.மீ. வரை அடிப்பக்கத்தை முகத்தோடு பிடித்துத் தைத்தால் ஆடாது. மீதி சுதந்திரமாகத் தொங்கட்டும். கண்கள் 19-ஆவது வரிசையில், நடுவிலிருந்து 5 கண்ணி தள்ளி. மேலே வைத்தால் முகம் முதிர்ந்து தெரியும். கீழே, தும்பிக்கைக்கு நெருக்கமாக வைத்தால் குட்டியானையாகிவிடும். குண்டூசியால் குத்திப் பார்த்து, எட்ட நின்று பார்த்த பிறகே தையுங்கள்.

பையின் முன்பக்கத்தில் 52 கண்ணி. இருபுறமும் 14 விட்டு, நடுவில் 24 கண்ணி முகத்துக்கு. அடிக்கோட்டிலிருந்து 6 சுற்று மேலே முகத்தின் கீழ் விளிம்பு. கண்ணி வரிசையைப் பின்பற்றி மேலே போகாதீர்கள். சாய்வு காரணமாக முகமும் சாயும். அளவுகோலை நேராக நிறுத்தி, வேற்று நிற நூலில் இரண்டு செங்குத்துக் கோடுகளை ஓட்டி, அவற்றுக்குள் தையுங்கள். ஓரம் சுற்றியபின் முகம் அந்த 24 கண்ணியைவிடக் கொஞ்சம் அகலமாக இருக்கும். அந்தத் தளர்வு வேண்டுமென்றே விட்டது. தளர்வில்லாமல் ஒட்டித் தைத்த பாக்கெட்டில் சாவிக்கொத்து போனாலே உடல் சுருங்கும்.

முதலில் காதுகளைக் கோட்டுக்கு 2 செ.மீ. உள்ளே வருமாறு, கண் உயரத்தில் வைத்துப் பையில் தையுங்கள். அவற்றின் மேல் முகம் அமரும். பாக்கெட்டின் தையல் காதையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். காதின் மேல் ஓரத்தில், வெளி நுனிக்கு ஒரு அங்குலம் முன்னால், ஒரேயொரு தையல் போட்டால் காது தலைகுனியாது. பாக்கெட் வாயின் இரு முனைகளிலும் ஒரே இடத்தில் நான்கைந்து முறை சுற்றித் தையுங்கள். பாக்கெட்டுகள் கிழிவது அந்த இரண்டு புள்ளிகளில்தான்.

வார்ப்பட்டை

குறுக்கே நெய்வது போலக் குட்டை வரிசைகளாக அல்ல, நீளவாட்டில் பின்னுங்கள். 5 மி.மீ. ஊசியில் செயின்: தோளில் மட்டும் மாட்ட 139 (முடிந்த நீளம் 70 செ.மீ.), உடலுக்குக் குறுக்காக மாட்ட 209 (110 செ.மீ.). இரு முனையிலும் உள்ளே மடக்கித் தைக்க 3 செ.மீ. இதில் அடக்கம். 4 மி.மீ. ஊசிக்கு மாறி 138 அல்லது 208 சிங்கிளாக 7 வரிசை. சுற்றிலும் ஒரு சுற்று ஸ்லிப் ஸ்டிச். தொடக்கச் செயின் இறுக்கமாக இருந்தால் பட்டை வில்போல வளையும், பிறகு எத்தனை இழுத்தாலும் நேராகாது. அந்த ஒரு வரிசைக்காகவே 5 மி.மீ. ஊசி.

எவ்வளவு நெருக்கமாகப் பின்னினாலும் குரோஷாப் பட்டை இழுபடும். பருத்தி நாடாவைப் பட்டையின் உட்பக்கத்தில் வைத்துத் தைப்பதைத் தவிர இதற்கு உறுதியான தீர்வு இல்லை. நாடாவைப் பட்டை முடிகிற இடத்தில் வெட்டாதீர்கள். பையின் உள்ளே பக்கச் சுவர் வழியாக அடிப்பாகம் வரை இறக்கி, அங்கே தையுங்கள். அப்போது கனம் வாயின் ஆறேழு கண்ணிகளில் தொங்காது, அடிப்பாகத்திலிருந்து தோளுக்கு நேராக ஏறும். பட்டையின் முனையைப் பக்க மார்க்கருக்கு நேராக உள்ளே 3 செ.மீ. இறக்கி, சதுரமாகத் தைத்து, சதுரத்துக்குள் இரண்டு குறுக்குக் கோடுகள் போடுங்கள்.

லைனிங் தைக்கும் முன் ஒரு சோதனை: ஒரு கிலோ கனத்தைப் போட்டு இரவு முழுவதும் மாட்டி வையுங்கள். காலையில் பட்டை 1 செ.மீ.க்கு மேல் நீண்டிருந்தால் நாடா தளர்வாகத் தைக்கப்பட்டிருக்கிறது. இப்போது பிரித்தால் அரை மணி நேர வேலை. லைனிங் போட்ட பிறகு அரை நாள் வேலை.

லைனிங், உள் பாக்கெட், மூடி

துணியை நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டபின் 31 x 30.5 செ.மீ. அளவில் இரண்டு துண்டுகள். பக்கங்களையும் அடியையும் 1 செ.மீ. விட்டுத் தைத்து, கீழ் மூலைகளை முக்கோணமாக இழுத்து, 6 செ.மீ. அகலம் வரும் இடத்தில் குறுக்கே தைத்து மிச்சத்தை வெட்டுங்கள். மேல் விளிம்பை 2.5 செ.மீ. மடக்குங்கள். லைனிங் பையைவிட 1 செ.மீ. குட்டையாக வர வேண்டும் என்பதே கணக்கு. கனத்தை அப்போது துணி தாங்கும், பின்னல் தாங்காது. வாய்க்கு 2 சுற்று கீழே லைனிங்கின் விளிம்பைச் சுற்றிலும் கைத்தையலாகத் தையுங்கள்.

கைபேசிப் பாக்கெட் சுவரில் ஒட்டியதல்ல, தொங்குவது. அடர் நிறத்தில் 21 செயின், 20 சிங்கிளாக 68 வரிசை. பாதியாக மடித்து இருபக்கமும் தைத்தால் 11 x 17 செ.மீ. உறை கிடைக்கும். அதன் பின் விளிம்பை மட்டும் பையின் பின்சுவரில், லைனிங் விளிம்புக்குச் சற்று மேலே தைத்துத் தொங்கவிடுங்கள். வெளியே தையல் தெரியாது. கைபேசி நீளமானது என்றால் 4 வரிசை கூட்டினால் ஆழம் 1 செ.மீ. கூடும். முன் பாக்கெட் வெளியே திறந்தபடி இருப்பதால் அதில் கைக்குட்டை, பேனா, சீப்பு போதும். பணமும் கைபேசியும் உள்ளேதான்.

மூடிக்கு 10 செயின், 9 சிங்கிளாக 16 வரிசை. வரிசை 17: 3 சிங்கிள், 3 செயின், 3 கண்ணி விட்டு, 3 சிங்கிள். வரிசை 18: செயினிலும் சேர்த்து 9 சிங்கிள். இன்னும் 2 வரிசை. பின்பக்க வாயின் நடுவில் தைத்து, முன்பக்கம் துளை வரும் இடத்தில் பொத்தான். பொத்தானுக்குப் பின்னால் உள்ளே ஒரு சிறு துணித்துண்டை வைத்துச் சேர்த்துத் தைக்காவிட்டால் பொத்தான் கண்ணியைப் பிய்த்துக்கொண்டு வரும்.

யானைக்குப் பதில் பூனையோ முயலோ வேண்டும் என்றால் தும்பிக்கையை விட்டுவிட்டு, மூக்கையும் மீசையையும் தைத்துவிடலாம். காதுகள் மட்டும் இடம் மாறும். மேலே நிமிர்ந்து நிற்கும் காதுகளைப் பாக்கெட்டின் விளிம்பில் தைக்காமல், அதற்குப் பின்னால் பையின் சுவரில் தையுங்கள். பூனைக்காதுக்கு 12 சிங்கிளில் தொடங்கி, ஒவ்வொரு வரிசையிலும் இரு முனையிலும் ஒன்று குறைத்து 10, 8, 6, 4, 2 என முடித்தால் போதும்.

துவைக்கும் முன் நனைத்த வெள்ளைத் துணியால் அடர் நிறப் பகுதியை அழுத்தித் துடைத்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் இளஞ்சிவப்புக் காது காப்பாற்ற வேண்டிய பொருள். குளிர்ந்த நீரில் தனியாக, கையால் அலசி, முறுக்காமல் துண்டில் சுற்றி அழுத்தி, தரையில் விரித்து நிழலில் காயவையுங்கள். ஈரப் பையைக் கொடியில் தொங்கவிட்டால் தண்ணீரின் கனமே அதைச் சில செ.மீ. நீட்டிவிடும்.